மலைக்காரர்களுக்கு நடைப்பயிற்சி எதற்கு?

"குன்னூரில் குடியிருந்துகொண்டு முட்டிவலி, எடை, நடைப்பயிற்சி என்று புலம்புகிறீர்களே, உங்களுக்கே நியாயமா? மலையில் இருப்பவர்களுக்குக் கடைக்குப் போய்வருவதே உடற்பயிற்சி. சென்னையில் இருக்கும் நாங்கள்தான் உட்கார்ந்த இடத்தில் ஊதிப்போகிறோம்." — ஒரு வாசகர்

3 பிப்ரவரி 2025

இதைச் சொல்லாத விருந்தாளியே எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. சொல்லிவிட்டு வீட்டுப் படியில் பாதி ஏறியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நானும் கூடவே நிற்பேன். அதை விருந்தோம்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் மூச்சு வாங்குகிறது என்பதுதான் உண்மை.

குன்னூர் இரண்டு அடுக்கு ஊர். பஸ் நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் எல்லாம் கீழே. பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா எல்லாம் மேலே. என் அம்மா காலத்தில் காய்கறிப் பையோடு படிக்கட்டில்தான் ஏறுவார்கள். இப்போது கூப்பிட்ட குரலுக்கு ஆட்டோ. சமவெளியில் "இதோ பக்கத்தில்தானே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் தூரத்துக்கு நாங்கள் வண்டி பிடிக்கிறோம். அந்தப் "பக்கத்தில்" இங்கே செங்குத்தாக நிற்கிறது அல்லவா? மேடு யாரையும் நடக்க வைப்பதில்லை. நடக்காமல் இருப்பதற்கு நல்ல சாக்குக் கொடுக்கும், அவ்வளவுதான்.

எனக்கு 46 வயது. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஜீப் வீட்டு முனையில் ஏற்றிக்கொள்ளும், மாலையில் அதே முனையில் இறக்கிவிடும். நடுவில் நாற்காலி. டிசம்பர் குளிரில் இடது முட்டி மடக்க முடியாமல் போனது. மாத்திரை எழுதிய மருத்துவர் "நன்றாக நடங்கள்" என்றார். "மேலேயா, கீழேயா?" என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

4 பிப்ரவரி

"மேலே ஏறுவது கஷ்டம், கீழே இறங்குவது சுலபம், இதில் என்ன கேள்வி?" என்று பலரும் கேட்டுவிட்டார்கள். சமவெளிக்காரர்கள் என்பது தெரிகிறது.

ஏற்றம் மூச்சைக் கேட்கும். இறக்கம் முட்டியைக் கேட்கும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், நின்றால் அடங்கிவிடும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும், அதாவது பிரேக் பிடிக்க வேண்டும். தசைக்கு இதுதான் கடினமான வேலை. அப்போது ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் தொடை கல்லாக இறுகும். தசை பலவீனமாக இருந்தால் அந்தப் பாரம் முட்டிச் சில்லின் பின்பக்கம் போய் விழும். சுற்றுலா வந்தவர்கள் "ஏறும்போது ஒன்றுமே இல்லை, ஊருக்குப் போனபின்தான் கால் வலித்தது" என்று தண்ணீரையும் குளிரையும் குறை சொல்வார்கள். பாவம் தண்ணீர்.

9 பிப்ரவரி

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

எங்களுடையது சொந்தத் தோட்டம் இல்லாத தொழிற்சாலை. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைத்துத் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புவோம். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சை இலை வேண்டும். ஏலச் சராசரியை வைத்து ஒவ்வொரு மாதமும் இலைக்கு இவ்வளவு என்று தேயிலை வாரியம் அறிவிக்கும். அது வந்ததும் கணக்குப் பிரிவு ஜன்னல் முன்னால் வரிசை நிற்கும். கிலோவுக்கு 40 ரூபாயாவது கட்டுப்படியாக வேண்டும் என்பது விவசாயிகளின் நீண்ட நாள் கோரிக்கை. கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் போட்டுப் பார்த்தால் அது பேராசை இல்லை என்று அந்தக் கணக்கை எழுதுகிறவளாகவே சொல்கிறேன்.

மழை நாளில் வரும் இலைக்கு ஈரக்கழிவு என்று எடையில் ஒரு பங்கு கழிப்பார்கள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டினால் கழிப்பது நியாயம். ஆனால் காலையில் நனைந்து மதியம் காய்ந்த இலைக்கு? தராசுக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் முகம் என்னைத்தான் பார்க்கும். கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் இருக்கிறார். சீட்டை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, கழிவு எண்ணின் மேல் நகத்தை வைத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் நிற்பார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். சண்டை போட்டுவிட்டுப் போகிறவர்களின் முகம் எதுவும் எனக்கு நினைவில்லை. இவர் நகம் நினைவிருக்கிறது.

மார்ச்சில் கணக்கு முடித்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இன்னும் முதலாளியிடம் சொல்லவில்லை. யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

20 பிப்ரவரி

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்தேன். என் அண்ணியோடு. அண்ணி என்றால் அண்ணன் மனைவி இல்லை. என் முன்னாள் கணவரின் அக்கா. (ஆமாம், முன்னாள். அதைப் பற்றிப் பிறகு.)

தைப்பூசம் 11ஆம் தேதி முடிந்தது. கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து கிளம்பினோம். மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், உக்கடத்தில் பழனி பஸ். கோவை வந்ததுமே அண்ணி ஸ்வெட்டரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, "இந்த ஊரில் மனிதர்கள் எப்படித்தான் இருக்கிறார்களோ" என்றார். பிப்ரவரியில்!

பழனியில் 693 படி. விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. அண்ணி இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 52 வயதில் அவர் நடை அப்படி. பெட்போர்டில் தையல் கடை வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து கடைக்கு இத்தனை வருடமும் நடைதான். நான் போன் வைத்திருப்பதே இப்போதெல்லாம் எத்தனை அடி நடந்தேன் என்று பார்க்கத்தான். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குச் செல்போன் கொண்டுபோக முடியாது. அடிவாரத்தில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, என் வாழ்க்கையிலேயே நான் ஒழுங்காக நடந்த நடை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அன்று இரவு போன் என்னிடம் "இன்று நீங்கள் குறைவாகவே நடந்திருக்கிறீர்கள், சற்று எழுந்து நடமாடலாமே" என்றது. முருகன் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

படியில் ஏறியது பெரிய விஷயமில்லை. இடும்பன் சன்னதியில் உட்கார்ந்தோம், மோர் குடித்தோம், ஏறிவிட்டோம். இறங்க யானைப் பாதையைப் பிடித்தோம். படி படியாக இல்லாமல் சரிவாக வளைந்து வளைந்து வருவதால் முட்டிக்கு இதம். கோயில் யானை ஏறுவதற்கென்று போட்ட வழி. இரண்டையும் நடந்து பார்த்ததில் என் கட்சி இதுதான்: ஏறப் படி, இறங்க யானைப் பாதை. முட்டி கெட்டவர்கள் ரோப் காரில் இறங்கினாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

எரித்த கொழுப்பு முழுவதும் அடிவாரத்தில் ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தில் திரும்பி வந்தது. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அதை மறுப்பது மாநிலத்துக்கே அவமதிப்பு.

மறுநாள் காலை பழனியிலிருந்து மலை பஸ். இந்தப் பாதையில் போகிறவர்கள் குறைவு. எல்லோரும் வத்தலக்குண்டு வழியாகப் போகிறார்கள். இடது பக்கம் ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள் என்று ஒருவர் சொன்னார், திரும்பும் வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு பக்கம் மாறிக்கொண்டே இருந்தது. பெருமாள்மலை வந்ததும் வழக்கமான கூட்டம்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863ல் உருவாக்கிய ஏரி. அந்தச் சாலை சமதளம்! ஒரு மலைநகரத்தின் நடுவில் தட்டையாக ஐந்து கிலோமீட்டர். அதில் போய்க் குதிரையில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஓர் ஏரி இருந்திருந்தால் எனக்கு முட்டிவலியே வந்திருக்காது என்று புலம்பினேன். "வந்திருக்கும் கண்ணு, நீ அதையும் ஆட்டோவில் சுற்றியிருப்பாய்" என்றார் அண்ணி.

பிறகு வட்டக்கானலில் டால்பின் மூக்கு. எங்கள் குன்னூரிலும் ஒரு டால்பின் மூக்கு இருக்கிறது. கடலைவிட்டு இவ்வளவு தூரம் வந்தபின் வெள்ளைக்காரர்களுக்கு ஏன் எந்தப் பாறையைப் பார்த்தாலும் டால்பின் ஞாபகம் வந்ததோ. குன்னூர் மூக்குக்கு வண்டி கிட்டத்தட்ட வாசல்வரை போகும். வட்டக்கானல் மூக்குக்கு இறங்கித்தான் போக வேண்டும். மரவேர்களே படி, எத்தனையோ செருப்புத் தேய்ந்து அந்த வேர்கள் கருங்காலிக் கைப்பிடிபோல் வழவழவென்று இருக்கின்றன. பனி விழுந்த காலையில் அதில் கால் வைத்தால் நிற்காது. நான் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையால் மரத்தைப் பிடித்து, ஒவ்வொரு வேராக இறங்கினேன். கல்லூரிப் பையன்கள் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருவன் "ஆன்ட்டி, மெதுவாகவே போங்கள்" என்றான். அது அனுமதியா கிண்டலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

21 பிப்ரவரி

தொடை கல். உட்காரும்போது கதவைப் பிடித்துக்கொள்கிறேன். முட்டி மட்டும் எப்போதும்போல்தான் இருக்கிறது, இது நல்ல சேதி.

2 மார்ச்

நாத்தனாரைப் பற்றிக் கேட்டு வந்தவை, முட்டியைப் பற்றிக் கேட்டு வந்தவற்றைவிட அதிகம். ஒருவர் "விவாகரத்து ஆனபின் அந்த வீட்டு ஆட்களோடு உறவு வைத்துக்கொள்வது நாடகம்" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் "இது சமாதானத் தூதா?" என்கிறார்.

இரண்டும் இல்லை. நானும் அவரும் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. யார் பேரில் தப்பு என்பது கோர்ட்டில் பேசி முடித்த விஷயம், இங்கே திறக்கப் போவதில்லை. அவர் திருப்பூரில் இருக்கிறார். அண்ணி இதே ஊரில் இருக்கிறார். வழக்கு நடந்த காலத்தில் அவர் என் வீட்டுக்கு வந்ததும் இல்லை, என்னைத் திட்டியதும் இல்லை. என் மகளுக்குப் பள்ளிச் சீருடை மட்டும் ஒவ்வொரு ஜூனிலும் தைத்து யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவார். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டால், "தெருவில் போகும்போது பார்த்தேன்" என்பார். தையல்காரர் கண்.

எல்லாம் முடிந்தபின் ஒருநாள் கடையில் ரவிக்கை கொடுக்கப் போனேன். அளவெடுக்கும்போது நாடாவைக் கழுத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மூன்று முடிச்சில் ஒன்றுதான் என் தம்பி போட்டது. மற்ற இரண்டும் நான் போட்டது. கோர்ட் அவன் முடிச்சைத்தான் அவிழ்த்தது." அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் போதாது. ரவிக்கையும் சரியாக இருந்தது.

சமாதானம் என்ற பேச்சை அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எடுத்திருந்தால் பழனிக்குத் தனியாகத்தான் போயிருப்பேன்.

16 மார்ச்

இரண்டு சேதிகள். ஒன்று, மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. கோவைப் பையன், கூட வேலை செய்கிறவர், அவளே பார்த்துச் சொன்னது. நிச்சயதார்த்தம் ஜூனில். நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக மேட்டுப்பாளையத்தில் மண்டபம். இரண்டு, அந்த மண்டபத்தைப் பார்க்க மலை ரயிலில் இறங்கினேன். உள்ளூர்க்காரர்கள் ஏறாத ரயில். முன்பதிவு கிடைப்பது குதிரைக்கொம்பு. தற்செயலாக இரண்டு இடம் கிடைத்தது.

சின்ன வயதிலிருந்து பார்க்கிற ரயிலை அன்றுதான் முட்டியோடு பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899ல் வந்தது, உதகைக்கு 1908ல். பல்தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டும்தான். அங்கேதான் சரிவு ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி. ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போது அதே எஞ்சின் முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு இறங்கும். எப்படியிருந்தாலும் எஞ்சின் பள்ளத்துப் பக்கம்தான். இறங்குகையில் பல்சக்கரம் பல்லைப் பிடித்துப் பிடித்து விடுவது காலடியில் தெரியும். ஏறுவதைவிட இறங்கும்போது பிரேக்ஸ்மேன்களுக்குத்தான் அதிக வேலை. பெட்டிக்குப் பெட்டி ஒருவர் நின்றுகொண்டு வருகிறார்.

பிசியோதெரபிக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, சொல்லவில்லையா? போகிறேன். அந்தப் பெண் கற்றுக்கொடுத்தது மொத்தமும் இறக்கம்தான். கீழ்ப்படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மெதுவாக, மிக மெதுவாகத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். தொப்பென்று போட்டால் கணக்கில் இல்லை. முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாயக் கூடாது. சுவரைத் தொட்டுக்கொள்ளலாம், சாயக் கூடாது. பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. செய்தால் தொடை நடுங்கும்.

சாலையில் இறங்குவதற்கு அவர் சொன்னதும் நான் கண்டதும்: சிறுசிறு அடியாக வையுங்கள், முட்டியை விறைப்பாக நீட்டாதீர்கள், லேசாக மடங்கியே இருக்கட்டும், நேராக இறங்காமல் சாலையின் குறுக்கே சாய்ந்து சாய்ந்து இறங்குங்கள், வண்டி வராதபோது. ஷூவின் நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துவிடும். தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்கள் மூட்டையோடு இறங்குவதைக் கவனித்துப் பார்த்தால் இவ்வளவும் அதில் இருக்கிறது. அவர்கள் யாரும் நேராக இறங்குவதில்லை, காலைத் தூக்கியும் போடுவதில்லை. அதற்காக அவர்களுக்கு முட்டிவலி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இருக்கிறது. ஓய்வு பெறும்வரை சொல்ல மாட்டார்கள்.

1 ஏப்ரல்

நேற்றோடு தொழிற்சாலை முடிந்தது. முதலாளி நல்லபடியாகத்தான் அனுப்பினார். "இரண்டு கிலோ தூள் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். இனி வீட்டிலிருந்தே சின்னக் கடைகள், தங்கும் விடுதிகளுக்கு வரவுசெலவு, ஜிஎஸ்டி.

இன்றிலிருந்து நீலகிரிக்கு வெளிவண்டிகள் வார நாட்களில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000 என்று உயர்நீதிமன்றம் வைத்த கட்டுப்பாடு நடைமுறைக்கு வருகிறது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஜூன்வரை. இ‑பாஸ் சென்ற ஆண்டு மே 7லிருந்தே இருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எதுவும் தேவையில்லை என்பதை மறுபடி மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். நடக்கிறவளுக்கு இந்த உத்தரவு வரம். எனக்குப் படியளக்கப்போகும் விடுதிக்காரர்களுக்கு அப்படி இல்லை. ஒரே நாளில் இரண்டு கட்சியிலும் சேர்ந்துவிட்டேன்.

19 ஏப்ரல்

வீட்டிலிருந்து வேலை என்பது உடம்புக்கு நல்லது என்று சொன்னவர் யார்? ஜீப்புக்கு ஓடிப்போன அந்த நாற்பது அடியும் போய்விட்டது. சமையலறை பக்கத்திலேயே இருக்கிறது. வர்க்கி டப்பா கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே அண்ணி வைத்த ஏற்பாடு: அவர் கடை திறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும். அதாவது கீழிருந்து மேலே பெட்போர்டுவரை நடந்து, அவரோடு ஒரு டீ, பிறகு இறங்கி வந்து வேலை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதிலேயே அடைந்துவிடுகிறது. ஆறு மணிக்கே போக முடியாதா என்று கேட்டவருக்கு: முடியாது. அந்த நேரத்தில் காட்டுமாடு சாலையில் நிற்கும். நாய்போல் விரட்டிவிடும் சமாசாரம் இல்லை, ஒரு டன் எடைக்குக் கிட்டத்தட்ட வரும் விலங்கு. மூலையில் திரும்பியதும் மூச்சுச் சத்தம் கேட்டால் அப்படியே பின்வாங்கிவிடுவேன். அது வேலியோரப் புல்லை முடித்துவிட்டுத் தானாகப் போகும்.

அண்ணிக்கு இப்போது வெள்ளியங்கிரி ஆசை. ஏழு மலை. பத்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் ஏறுவதில்லை என்பது அங்குள்ள வழக்கம். "நான் போகலாம். உனக்கு இன்னும் வயது வரவில்லை கண்ணு" என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொல்கிறார். 46 வயதில் "நீ சின்னப் பெண்" என்று கேட்பது இதமாகத்தான் இருக்கிறது, காரணம் எனக்கு ஒப்புதல் இல்லாததாக இருந்தாலும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அங்கே ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. அண்ணிக்கு ரத்த அழுத்தம் உண்டு. இதை நான் சொன்னால் கோபம் வருகிறது. யாராவது நீங்கள் சொல்லுங்கள்.

11 மே

ஊர் நிரம்பி வழிகிறது. இந்த வாரம் முட்டியைவிடப் பெரிய விஷயம் பத்திரிகை.

நிச்சயதார்த்தப் பத்திரிகையில் அப்பா பெயர் போட வேண்டும் என்கிறாள் மகள். போடு என்றேன். மேடையில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்கிறாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே ஒரு கேள்விபோல் செய்கிறார்கள்.

அண்ணியிடம் கேட்டேன். அவர் வாயில் குண்டூசியோடு, "தட்டை யார் எடுத்துக் கொடுப்பது என்பதுதான் சடங்கு. யார் எங்கே நிற்பது என்பது போட்டோக்காரன் வேலை" என்றார். பெண்ணுக்கு அத்தை அவர். தட்டு அவர் கையில். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை.

ஒரு வாசகர் "அவருக்கு நேராகப் போன் செய்து பேசிவிடுங்கள், பாரம் இறங்கும்" என்று அறிவுரை எழுதியிருக்கிறார். இறங்கும் பாரம் எங்கே போய் விழும் என்று பிப்ரவரியிலேயே எழுதிவிட்டேன்.

27 மே

24ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது. நீலகிரிக்கும் கோவைக்கும் சிவப்பு எச்சரிக்கை. நடை இல்லை. வீட்டுப் படியில் அந்த மெதுவாக இறங்கும் பயிற்சி மட்டும். சாய்ந்த மரங்களை வெட்டும் ரம்பச் சத்தம் மழையை மீறிக் கேட்கிறது. தயவுசெய்து இந்த வாரம் யாரும் "மழையில் மலை அழகாக இருக்குமே, வரலாமா" என்று கேட்காதீர்கள்.

கட்டபெட்டுப் பெரியவரை மருந்துக் கடையில் பார்த்தேன். நான் அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "இப்போது யார் எழுதுகிறார்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "கழிவு?" என்றேன் நான். கையை விரித்தார். இந்த மழையில் இலை வரத்தும் கூடும், கழிவும் கூடும். என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

19 ஜூன்

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. "அவர் வந்தாரா, பேசினீர்களா, மேடையில் நின்றீர்களா" என்று கேட்டவர்களுக்கு மொத்தமாக: வந்தார். தலை முழுவதும் நரைத்திருக்கிறது. மண்டபம் மாடியில், லிப்ட் வேலை செய்யவில்லை. மேடையில் அவர் ஓர் ஓரம், நான் ஓர் ஓரம், நடுவில் பெண்ணும் பையனும், எங்கள் எல்லோருக்கும் முன்னால் தட்டோடு அண்ணி. போட்டோவில் முக்கால்வாசி அண்ணிதான் தெரிகிறார், மெரூன் பட்டில். வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்கவில்லை.

"சாப்பிட்டாயா?" என்று அவர் கேட்டார். "ஆயிற்று" என்றேன். பொய், அப்போது சாப்பிடவில்லை. பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை, தோண்டாதீர்கள்.

முட்டி: மாடிப்படியில் அன்று எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று நினைவே இல்லை, வலி வந்து நினைவூட்டவும் இல்லை. எடை கொஞ்சம் குறைந்தது, நிச்சயதார்த்த வாரத்தில் கொஞ்சம் ஏறியது. கைத்தடி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: இறக்கத்துக்கு வாங்கலாம், தடியை உங்களுக்கு முன்னால் ஊன்றிவிட்டுப் பிறகு காலை வையுங்கள், ஏறும்போது இருக்கும் நீளத்தைவிட இறங்கும்போது சற்று நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியங்கிரியை அண்ணி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறார், ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டபின். கல்யாணம் தையில். அதற்குள் தைக்க வேண்டிய ரவிக்கைகளின் பட்டியல் கடைச் சுவரில் தொங்குகிறது. பையன் வீட்டுப் பெண்களும் அதில் சேர்ந்துவிட்டார்கள்.

ஜிஎஸ்டி படிவம் நாளை 20ஆம் தேதிக்குள். மூன்று கடைக்காரர்கள் இன்னும் பில்லே கொடுக்கவில்லை. ஒருவர் கடை பெட்போர்டில், மற்ற இருவர் கீழே மார்க்கெட்டில். போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.